இரண்டு பேருக்கு நாற்பது நாள்

அந்தத் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பழைய காலண்டரில் கிழித்த தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் அதைத் தூக்கிப் போட என் கணவருக்கு மனம் வராது. மேலே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, "இரண்டு பேருக்கு நாற்பது நாள்" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே அரிசி, பருப்பு, வெங்காயம், முட்டை என்று முப்பத்தேழு வரி. ஐஸ் பெட்டி இல்லாத பாய்மரப் படகில் கடலைக் கடப்பதற்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்ற பட்டியல். அவர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நான் மேல் வரியைத்தான் முதலில் படித்தேன். படித்துவிட்டு, படிக்காதவள் மாதிரி, "புளிக்காய்ச்சல் எழுதலையே," என்றேன்.

நான் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் கேண்டீன் நடத்தியவள். அரிசியைப் பால் டின்னில்தான் அளப்பேன். இன்றைக்கு இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள் என்று ஆசிரியர் சொன்னால் இருநூற்றுப் பத்துத் தட்டு நிரம்பும். கடைசிப் பிள்ளைக்குக் குறையாது, பானையில் ஒரு கரண்டிக்கு மேல் மிஞ்சாது. கேண்டீன் அக்கா கையில் தராசு இருக்கிறது என்று தலைமையாசிரியர் சொல்வார். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் நான் செய்ததைக் கை தவறி நடந்தது என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசக் கூடாது.

அவர் கிள்ளான் துறைமுகத்தில் டக் போட்டில் இன்ஜின் பார்த்தவர். பெரிய கப்பலைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் ஆழமான தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிற குட்டிக் கப்பல் அது. முப்பத்து மூன்று வருஷம் அந்த வேலைதான். அவர் கொண்டுபோய் விட்ட கப்பல்கள் ஆப்பிரிக்காவுக்கும் அரபு நாட்டுக்கும் போகும், இவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். எனக்கு அது வசதியாக இருந்தது. அவருக்கு எப்படி இருந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற நாலாவது மாதம் படகை வாங்கினார். வெள்ளைக்காரர் ஒருவர் புலாவ் இண்டாவில், படகுகளைக் கட்டிப்போடும் துறையில், விட்டுப்போன பழைய படகு. அதை எனக்குச் சொன்னது இவர் இல்லை. இவரோடு அதே டக் போட்டில் கேப்டனாக இருந்த சீனர் ஒருவர் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும், "அக்கா, படகு பாத்தீங்களா? பாய் மட்டும் புதுசு மாத்தணும்," என்றார். அக்கா என்பது மட்டும் தமிழ், மற்றதெல்லாம் மலாய். என்னைக் கேட்காமல் கத்தரிக்காய்கூட வாங்கத் தெரியாத மனுஷன் படகு வாங்கியிருக்கிறார். மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் சண்டை என்றால் பாத்திரம்தான் பேசும். அந்த முறை மூன்று வாரம் பேசியது.

அவருடைய திட்டம் இதுதான். ஜனவரியில் வடகிழக்குக் காற்று அடிக்கும்போது கிள்ளானிலிருந்து கரையோரமாகவே லங்காவி வரை போவது. அதுவரை கரையிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம். அங்கிருந்து நேராக மாலத்தீவு. காற்று ஒழுங்காக இருந்தால் பதினைந்து நாள். ஆனால் அவர் இன்ஜின்காரர், எதற்கும் ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்கிறவர், அதனால் நாற்பது நாளுக்குச் சாப்பாடு. படகில் இருந்த ஐஸ் பெட்டி பேட்டரியைக் குடிக்கிறது என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டார்.

"நீ வரியா" என்று அவர் கேட்கவில்லை. பட்டியலின் மேல் வரியில் என்னைச் சேர்த்து எழுதினார், அவ்வளவுதான்.

எனக்குப் போகப் பிடிக்கவில்லை. காரணம் கடல் என்று எல்லோரிடமும் சொன்னேன். கெந்திங் மலைக்குப் பஸ்ஸில் போனாலே எனக்குத் தலை சுற்றும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. முப்பது வருஷத்தில் நானும் அவரும் சேர்ந்தாற்போல நாற்பது நிமிஷம் பேசியதில்லை. நாற்பது நாள், பக்கத்து வீடு இல்லை, கோயில் இல்லை, டிவி இல்லை. இரண்டாம் நாளே பேச்சு தீர்ந்து போனால் என்ன செய்வது என்று நினைத்தேன்.

மறுநாளே கோயிலுக்குப் போனேன். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுக்கிறேன், நாற்பத்தெட்டு நாள் விரதம் என்று பூசாரியிடம் சொன்னேன். என்ன வேண்டுதலம்மா என்று கேட்டார். குடும்பம் நல்லாயிருக்கணும் என்றேன். அந்த வருஷம் எனக்கு எந்த வேண்டுதலும் இல்லை. முருகனை ஒரு சாக்காகக் கூப்பிட்டு என் வீட்டு வாசலில் நிற்க வைத்தேன். ரவாங்கில் இருக்கும் மகள் போனில், "போங்கம்மா, ஜாலிலா, நாப்பது நாள் அப்பாவோட ஹனிமூன்," என்று சிரித்தாள். "தைப்பூசம் இருக்குடி," என்றேன். அவளால் அதற்கு மேல் பேச முடியவில்லை. இவராலும் முடியவில்லை.

ஆனாலும் சாப்பாட்டைச் சேர்க்கிற வேலையில் இறங்கினேன். சமையல் என்று வந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

முட்டை முழுக்க அவர் பொறுப்பு. விரத வீட்டில் முட்டை வாசற்படி தாண்டக் கூடாது. ஒரு தடவை ஐஸ் பெட்டிக்குள் போன முட்டை வெளியே வந்தால் சீக்கிரம் கெட்டுவிடும், கழுவின முட்டையும் அப்படித்தான் என்று சொல்லி, தெலுக் பங்லிமா காராங் பக்கத்தில் ஒரு பண்ணையைத் தேடிப் போய்க் கழுவாத முட்டை கொண்டுவந்தார். கார் நிற்கிற இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணெய் தடவினார். இரண்டு நாளைக்கு ஒரு தடவை அத்தனையையும் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நான் கதவுக்கு உள்ளே நின்று, "உங்களுக்குப் பேரப்பிள்ளை பொறந்திருந்தாகூட இப்படி எண்ணெய் தேச்சிருக்க மாட்டீங்க," என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாள் ஆகிறது என்று அப்போது நினைத்தேன்.

அட்டைப்பெட்டி எதுவும் படகில் ஏறக் கூடாது. மடிப்புக்குள் கரப்பான் முட்டையிட்டிருக்கும், நடுக்கடலில் பொரிக்கும். எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற வேண்டும். டின்னில் ஒட்டியிருக்கிற காகிதத்தை உரித்துவிட வேண்டும், படகின் அடியில் ஈரம் பட்டுக் கழன்று தண்ணீர் பம்பை அடைத்துக்கொள்ளும். உரித்த பிறகு எல்லா டின்னும் ஒரே முகம். மூடியில் மார்க்கரால் அவர் பெயர் எழுதுவார், நான் பக்கத்தில் நின்று சரி பார்ப்பேன். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் இருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும், காரணம் அவருக்குத் தெரிந்திருந்தது. முட்டைக்கோஸை வெளி இலை உரிக்காமல் நாளிதழில் சுற்ற வேண்டும். பூசணி வெட்டாமல், காம்போடு இருக்க வேண்டும். காம்பு போன பூசணி பாதி வழியிலேயே அழுகும். நல்ல பூசணிக்காக ஒரு சனிக்கிழமை முழுக்க மூன்று பாசாரில் ஏறி இறங்கினோம். அவர் காம்பைப் பார்ப்பார், நான் தட்டிப் பார்ப்பேன், இருவரும் ஒத்துப்போக வேண்டும்.

அந்தச் சில வாரங்கள் நாங்கள் பேசிய அளவுக்கு அதற்கு முந்தின பத்து வருஷத்தில் பேசியதில்லை. பேச்சு தீர்ந்து போகும் என்று பயந்த நானே ஒரு பூசணிக்காயைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசினேன். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிற்பாடுதான் உறைத்தது, அப்போது பேச ஆள் கரையில் இல்லை.

மளிகைக்குத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் போனோம். கிள்ளானிலும் கடைகள் இருக்கின்றன. ஆனால் வத்தல், மோர் மிளகாய், நல்லெண்ணெய் எல்லாம் எனக்குப் பிரிக்பீல்ட்ஸ் கடையில்தான் சரியாக அமையும். கிள்ளானிலிருந்து ரயிலில் போய் சென்ட்ரலில் இறங்கி நடந்தோம். புழுங்கலரிசி, துவரம்பருப்பு, அப்பளம், சுண்டைக்காய் வத்தல் என்று பட்டியலைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல, கடைக்காரர் எடுத்து அடுக்கினார்.

"என்னக்கா, கேட்டரிங் எடுத்திருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல பாஸ், கடல்ல. மாலத்தீவு வரைக்கும் பாய்மரத்துல," என்றார் இவர். அவர் குரலில் அப்படி ஒரு பெருமையை நான் அதுவரை கேட்டதில்லை.

"அடேயப்பா. ரெண்டு பேருமா அண்ணே?"

இவர் அப்பளக் கட்டை எடுத்து எண்ணுவது போல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கடைக்காரரும் என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தைப்பூசம் இருக்கு அண்ணே. பால்குடம். எப்படிப் போறது?" என்றேன்.

"சாமி காரியம்னா சரிதான்," என்றார் கடைக்காரர். இவர் அப்பளத்தைக் கூடையில் போட்டார். எதையும் குறைக்கவில்லை. இரண்டு பேருக்கு எழுதியதை இரண்டு பேருக்கே வாங்கினார். அரிசி மட்டும் எண்பது டின், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டின். கனமான சாமான்களைப் பின்னால் லோரியில் அனுப்பச் சொல்லிவிட்டு, மற்றதைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினோம்.

ரயில் பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டும்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "லங்காவியில ஒரு பத்து நாள் நிக்கலாம். காத்து பிப்ரவரியிலயும் இருக்கும். தைப்பூசம் முடிஞ்ச பிறகு பிளேன்ல வரலாம், யாராச்சும் வரதுன்னா."

யாராச்சும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாயில் என்ன கொழுக்கட்டையா, நீ வா என்று சொன்னால் என்ன? படகு வாங்கும்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்க மாட்டாராம். நானும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ம்," என்றேன். கிள்ளான் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

இன்றைக்கு நினைத்தால், அந்த மனுஷனுக்கு அதைவிடத் தெளிவாகக் கேட்கத் தெரியாது என்பது எனக்குப் புரிகிறது. அன்றைக்கும் புரிந்திருக்க வேண்டும். முப்பது வருஷம் கூட இருந்தவள் நான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலை அவர் படகுக்குப் போயிருந்தார். நான் சமையலறைத் தரையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு மூட்டை கட்ட உட்கார்ந்தேன். பால் டின்னை எடுத்து அரிசியை டிரம்மில் போட ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனேன். நாற்பதில் நிறுத்தினேன். கை தானாக நின்றது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி இல்லை. நான்தான் நிறுத்தினேன். மீதி நாற்பது டின்னை வீட்டு அரிசிப் பானையில் கொட்டி மூடினேன். பருப்பில் பாதி. வத்தலில் பாதி. புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டிலில் ஒன்று, ஊறுகாய் இரண்டில் ஒன்று. மூன்று பாசார் அலைந்து வாங்கிய இரண்டு பூசணியில் ஒன்றை எடுத்துப் பின்கட்டில் வைத்தேன்.

ஒரு ஆளுக்கு நாற்பது நாள். அதுதான் என் பதில். வாயால் சொல்லாமல் அரிசியால் சொன்னேன்.

அவர் வந்து பார்ப்பார், ஏன் பாதி என்று கேட்பார், சண்டை வரும், சண்டையில் எல்லாம் வெளியே வரும் என்று நினைத்தேன். ஒருவேளை அந்தச் சண்டைக்காகவே செய்தேனோ என்னவோ. அவர் வந்தார். ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிக் காரில் வைத்தார். அரிசி டிரம்மையும் தூக்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்ஜின் சத்தம் ஒரு நூல் மாறினாலே கண்டுபிடிக்கிறவர் பாதி எடை குறைந்ததைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மறுநாள் காலை படகுத்துறையில் பூசை. எங்கள் ஆட்களுக்குப் புது வண்டி என்றால் நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியே ஆக வேண்டும். படகுக்கு டயர் எங்கே இருக்கிறது என்று மகள் கேட்டாள். இருந்தது. டக் போட் பழக்கத்தில் இவர் படகின் பக்கவாட்டில் இடிபடாமல் இருக்க நாலு பழைய கார் டயரைக் கட்டித் தொங்க விட்டிருந்தார். பக்கத்து வெள்ளைக்காரப் படகுகளில் அழகான வெள்ளை மிதவைகள், எங்கள் படகில் தேய்ந்த டயர். பூசாரி சந்தோஷமாக நாலு பழத்தை டயருக்கும் மேடைக்கும் நடுவில் பிடிக்க, அலை வந்து படகைத் தள்ளி நசுக்கியது. மூன்று நசுங்கியது, ஒன்று தண்ணீரில் விழுந்து மிதந்து போனது. எல்லோரும் சிரித்தோம்.

அப்போதுதான் அந்தச் சீனர் துணிப்பையும் தொப்பியுமாக வந்தார். வழியனுப்ப வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பையைப் படகுக்குள் போட்டார்.

"நானும் போறேன் அக்கா. நேத்து ராத்திரிதான் கூப்பிட்டான். முன்னாடி எத்தனை தடவை கேட்டேன், ஆள் இருக்கு, ஆள் இருக்குன்னான். இப்பத்தான் இடம் காலியாச்சாம்," என்றார்.

அந்த இடம் என்னுடையது. அது காலியானதில் எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை. ஆனால் உடனே கணக்கு ஓடியது. இரண்டு ஆள், ஒரு நாளைக்கு இரண்டு டின், நாற்பது டின். இருபது நாள். கையில் கார் சாவி இருந்தது. வீடு அரை மணி நேரம். போய் எடுத்து வந்தால் அவர்கள் ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போவார்கள், அவ்வளவுதான். "கொஞ்சம் இருங்க, பாதி சாமான் வீட்டில இருக்கு," என்று ஒரு வரி சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பூசாரி நிற்கிறார், மகள் நிற்கிறாள், படகுத்துறை ஆட்கள் நிற்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் நான் ஏன் பாதி கட்டினேன் என்று எப்படிச் சொல்வேன்? லங்காவியில் கடையா இல்லை, வாங்கிக்கொள்வார்கள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

"போயிட்டு வரேன்," என்றார் அவர்.

"ம்," என்றேன்.

படகில் போன் வேலை செய்யாது. இருக்கிற இடத்தைக் காட்டுகிற சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தார்கள். மகளுடைய போனில் கடல் நீலத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரியும். லங்காவியில் மூன்று நாள்தான் நின்றார்கள். பத்து நாள் நிற்க இனி யாருக்காக? புள்ளி மேற்கே நகர்ந்தது. லங்காவியை விட்ட நாலாம் நாள் தைப்பூசம். தலையில் பால்குடத்தோடு பத்துமலைப் படியில் ஏறும்போது அவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டினேன். சாக்குக்குக் கூப்பிட்ட சாமியிடம் உண்மையாக வேண்டுவது எவ்வளவு கூச்சமான விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் புள்ளி நின்றுவிட்டது. காற்று விழுந்துவிட்டது, இன்ஜினும் கெட்டிருக்க வேண்டும் என்று மருமகன் சொன்னார். ஆபத்து என்றால் அமுக்குகிற பொத்தானை அமுக்கவில்லை, அதனால் பயமில்லை என்றார். பதினாறு, பதினேழு. புள்ளி இருந்த இடத்திலேயே வட்டமிட்டது. எல்லோரும் புயலைப் பற்றிப் பயந்தார்கள். எனக்குப் புயல் ஞாபகமே இல்லை. எனக்கு அரிசி எந்த நாளில் தீரும் என்று தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இருபதாம் நாள் மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தேன். பானையில் இருந்த அரிசி அவர் வாங்கியது. மேலே போட்டது அவருக்காகச் செய்த புளிக்காய்ச்சலின் இரண்டாவது பாட்டில். படகில் நான் சாப்பிட வேண்டியதைத்தான் வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டைத் தள்ளி வைத்தேன். அன்றைக்கு அழுதேன். பின்கட்டில் இருந்த பூசணி காம்போடு அப்படியே நன்றாக இருந்தது. அதை வெட்ட எனக்குக் கை வரவில்லை, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

இருபத்தேழாம் நாள் புள்ளி மாலத்தீவைத் தொட்டது. இன்ஜின் போய்விட்டது, சரி செய்வதைவிட விற்பது மேல் என்று படகை அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டு இருவரும் விமானத்தில் திரும்பினார்கள். விமான நிலையத்தில் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, சட்டை தோளிலிருந்து தொங்கியது. "கடல் காத்து," என்றார். சாப்பாடு போதுமாக இருந்ததா என்று கேட்டேன். "எல்லாம் இருந்துச்சு," என்றார். நான் அதை நம்ப முடிவு செய்தேன்.

உண்மை தீபாவளிக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று வீட்டில் வைக்கிற திறந்த இல்ல விருந்துக்குச் சீனர் வந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டு, கடல் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். இவர் உள்ளே தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க சாப்பாடு ருசிதான், ஆனா பத்தலை. கடைசி வாரம் கஞ்சித் தண்ணி, பிடிச்சா மீன். எனக்கு இனிப்பு நீர் வியாதி வேற, சாப்பிடலைன்னா நடுக்கம் வரும். இவன் தன் பங்கையும் என் பக்கம் தள்ளிடுவான், பசிக்கலை பசிக்கலைன்னு. லங்காவியிலயே நான் சொன்னேன், ஒரு மூட்டை அரிசி வாங்கிப் போடலாம்னு. வேணாம்னுட்டான். என் வீட்டுக்காரி கட்டினது, அவ அளவு தப்பாதுன்னான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். கவனிக்காமல்தான் நம்பினாரா, தெரிந்தேதான் சொன்னாரா? கேட்டால் ஏதோ ஒன்று தெரிந்துவிடும். இரண்டில் எது என்றாலும் என்னால் தாங்க முடியாது என்று கேட்காமல் விட்டேன். அப்படியே இன்னும் இரண்டு தீபாவளி போனது.

இப்போது அவர் காலையில் தஞ்சோங் ஹரப்பானுக்குப் போய்க் கடலோரக் கட்டையில் உட்கார்ந்து கப்பல்களைப் பார்ப்பார். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிமேல் படகில் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன மாதம் ஒரு நாள் நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். ஏன் என்று கேட்கவில்லை, காரில் முன் இருக்கையில் கிடந்த தொப்பியை எடுத்துப் பின்னால் போட்டார். கட்டையில் உட்கார்ந்தோம். ஒரு டக் போட் பெரிய கப்பலை இழுத்துக்கொண்டு போனது. அது கண்ணுக்குச் சிறிதாகிற வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன்.

"அன்னிக்கு நான் பாதிதாங்க கட்டினேன். மீதி வீட்டிலதான் இருந்துச்சு."

"தெரியும்," என்றார். கப்பலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டிரம்மைத் தூக்கும்போதே தெரியும்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீ பதில் சொல்லிடுவே," என்றார்.

கேட்டிருந்தால் வந்திருப்பேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அது பொய். வந்திருக்க மாட்டேன், அன்றைக்கு இருந்த நான் வந்திருக்கவே மாட்டேன், அது அவருக்கும் தெரியும். போகாததற்காக நான் இப்போது அவ்வளவாக வருத்தப்படவில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ இடத்துக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த மீதிப் பாதியையாவது கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். சாவி கையில்தான் இருந்தது. வீடு அரை மணி நேரம்தான்.